திரைக்கு இடது பக்கம்

நடுநிசிக்குக் கொஞ்சம் முன்னால். ஊரைத் தாண்டிய பைபாஸ் சாலை. தெருவிளக்குக் கம்பம் உண்டு, விளக்கு எரியாது. கடைசி லாரி போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அந்தச் சாலையில் ஒரு பழைய வேன் மட்டும் போகிறது... மேலே ஓர் அலுமினிய ஏணி கட்டியிருக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஏணி கடகடவென்று அடித்துக்கொள்கிறது. உள்ளே இரண்டு பேர். அண்ணனும் தம்பியும். ஒரு மர மில்லில் கேமரா சரியில்லை என்று போகிறார்கள். பகலில் பளிச்சென்று தெரிகிறதாம், ராத்திரியானால் ஒன்றும் தெரிவதில்லையாம்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு கேமரா ரிப்பேர். இதில் பேய் எங்கே வந்தது என்று, மெழுகுவர்த்திக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கதை கேட்கிற கண்ணாடிக்காரி இப்போதே உதட்டைப் பிதுக்குகிறாள் பாருங்கள். பிதுக்கு, பிதுக்கு. கரண்ட் வருவதற்குள் உன் உதடு தானாக உள்ளே போய்விடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கிங் செக்ஷனில் என் பக்கத்து மேசையில் வேலை செய்தாளே ஒரு சிநேகிதி, அவள் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் நடந்தது இது. எனக்கு அவளே சொன்னாள். நடுவில் உச் கொட்டினால் எனக்குப் பிடிக்காது. அப்புறம் அப்புறம் என்று பிடுங்கினாலும் பிடிக்காது. பாத்ரூம் போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள். பிறகு துணைக்குக் கூப்பிட்டால் நான் வரவே மாட்டேன்.

யாரும் எழவில்லையா? சரி, உங்கள் பாடு.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கேமரா மாட்டுகிற தொழில். கடை, குடோன், அபார்ட்மென்ட், யார் கூப்பிட்டாலும் போவார்கள். தம்பிக்கு ஏணி என்று பட்டப்பெயர். ஆளும் அத்தனை உயரம், எந்நேரமும் தோளில் ஏணியும் இருக்கும். அண்ணன் ஒரு காலத்தில் மேலே ஏறியவர்தான். ஒரு வேலையில் மாடியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்துபோனது. அதற்குப் பிறகு ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார், நாற்காலி மேல்கூட ஏறமாட்டார். அதனால் தம்பி மேலே, அண்ணன் கீழே திரைக்கு முன்னால். இரண்டு பேர் காதிலும் போன். தம்பி கேமராவைத் திருப்புவான், அண்ணன் படத்தைப் பார்த்துச் சொல்லுவார்.

"ரெண்டும் சேர்ந்தாத்தான்டி ஒரு முழு ஆளு," என்பாள் என் சிநேகிதி. "பிரிச்சு விட்டா ஒண்ணு மேல தொங்கும், இன்னொண்ணு கீழ நின்னு கத்தும்."

எலியும் பூனையுமாகச் சண்டை போடுவார்கள். ஆனால் தம்பி வீட்டுக்கு வரத் தாமதமானால் அண்ணனுக்குச் சோறு இறங்காது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர். அவன் மேல் உயிரையே வைத்திருந்தார். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

சரி, மில்லுக்கு வருவோம். ஒரு பெரிய முற்றம். ஒரு கோடியில் மரம் அறுக்கிற தகரக் கொட்டகை, மறு கோடியில் ஓர் ஆபீஸ் அறை. நடுவில் மரங்களை அடுக்கடுக்காகப் போட்டிருந்தார்கள், ஒவ்வோர் அடுக்கும் ஆள் உயரத்துக்கு மேல். கொட்டகை விளிம்பில் ஒரு டோம் கேமரா. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல உருண்டையாக இருக்குமே, அதுதான். அங்கிருந்து முற்றம் முழுக்கத் தெரியும், எதிர்க்கோடியில் ஆபீஸ் கதவு வரைக்கும் தெரியும். மில்லுக்கு ராக்காவல் பார்த்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். முதலாளிக்குத் திருட்டுப் பயம். சாவியை அண்ணன் கையில் கொடுத்து, இன்றைக்கே பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி மட்டும் வருகிற கோளாறை ராத்திரியில்தானே பார்க்க முடியும்?

உள்ளே போனதும் ஈர மரத்தூள் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, முடி பொசுங்கினாற்போல. ரம்பம் சூடாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். ரம்பம் ஓடி இரண்டு நாளாகியிருந்தது, அது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

அண்ணன் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து திரையைப் போட்டார். முற்றத்து விளக்கை அணைத்தார். டக்... என்று கேமராவுக்குள் சின்னச் சத்தம். படம் கறுப்பு வெள்ளைக்கு மாறியது. அடுத்த நிமிடமே பாலை ஊற்றினாற்போல வெளுத்துப்போனது. மரமும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் வெள்ளை.

இந்தக் கேமராவுக்குள் சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. இருட்டியதும் எரியும். அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு மட்டும் தெரியும். நமக்குக் கும்மிருட்டு, அதற்குப் பட்டப்பகல். மூடியில் அழுக்கோ பிசுக்கோ இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு லென்ஸுக்கே திரும்பிவிடும். படம் வெளுத்துப்போகும். அண்ணன் அந்த விளக்குகளை மட்டும் அணைத்துப் பார்த்தார். வெள்ளை போய்விட்டது, திரை இருண்டது. மறுபடி போட்டார், மறுபடி வெள்ளை.

"மூடியிலதான்டா கோளாறு. சிலந்தியா இருக்கும், ஏறிப் பாரு."

"எப்பப் பாரு சிலந்தி. உங்களுக்குச் சிலந்தி மேல என்னண்ணே அப்படி ஒரு பாசம்?"

"வாய மூடிட்டு ஏறுடா."

ஏணி ஏறினான். சிலந்தியும் இல்லை, வலையும் இல்லை. மூடி வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தது. திருகைக் கழற்றி மூடியை எடுத்தான். லென்ஸைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்சு வளையம் இருக்கும், அது மூடியோடு ஒட்டாவிட்டாலும் வெளிச்சம் கசியும். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

மூடியின் உள்பக்கம் தடவிப் பார்த்தான். கையில் கொழகொழவென்று ஒட்டியது.

"அண்ணே... உள்ள கிரீஸ். யாரோ வேணும்னே அப்பி வச்சிருக்காங்க. விரல் தடம்கூடத் தெரியுது."

"வெளியவா, உள்ளயா?"

"உள்ள. மூடியக் கழட்டி, தடவி, திரும்ப மாட்டியிருக்காங்க."

"எவன்டா அவன், வேல மெனக்கெட்டு... சரி, துடை."

கேட்டீர்களா? நீங்களோ நானோ இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒருத்தன் அந்த உயரத்துக்கு ஏறி, திருகைக் கழற்றி, கேமரா கண்ணை உள்ளேயிருந்து மூடியிருக்கிறான். எதற்கு என்று ஒரு நிமிடமாவது யோசித்திருப்போம். இவர்களுக்கு அந்தப் புத்தி வராது. கேமராக்காரன் அழுக்கைப் பார்த்தால் துடைப்பான். படம் தெளிவாகும்வரை இறங்கமாட்டான். அதுதான் அவர்கள் செய்த தப்பு. நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

மெத்தென்ற துணியை எடுத்து ஏணி அழுத்தித் துடைத்தான். மூடியை மாட்டினான். பிறகு கேமராவைத் திருப்பி நேராக்குகிற வேலை. இதில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, கவனமாகக் கேளுங்கள். ஏணி மேல் நிற்கிறவன் கேமராவைப் பார்த்து நிற்பான், முற்றம் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். திரையில் இடது பக்கம் எதுவோ அது அவனுக்கு வலது பக்கம். அண்ணன் எப்போதும் திரையைப் பார்த்துத்தான் சொல்லுவார், தம்பிதான் மாற்றிக்கொள்ள வேண்டும். அண்ணன் 'இடது' என்றால் தம்பி கை வலது பக்கம் போகும். வருஷக்கணக்கான பழக்கம். யோசிக்கவே வேண்டாம், தானாக நடக்கும்.

"இடது. இன்னும் இடது. போதும்... போதும்டா!"

படம் விழுந்தது. அப்படி ஒரு தெளிவு. மரத்தின் வரி தெரிந்தது, பட்டை உரிந்த இடம் தெரிந்தது. தரையில் கிடந்த ஆணிகூடத் தெரிந்தது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் பார்த்தார். திரைக்கு வலது பக்கம், இரண்டு அடுக்குக்கு நடுவில் ஓர் ஆள். மரத்தைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு... அசையாமல் நிற்கிறான். கையில் ஓர் உருட்டுக்கட்டை.

"டேய், உள்ள யாரோ ஆளு இருக்கான்டா. அந்தக் காவல்காரனா பாரு. உனக்குப் பின்னாடி."

ஏணி திரும்பி டார்ச் அடித்தான். "யாருமில்லையே."

"அவன் மேலதான்டா உன் டார்ச் விழுது."

"அண்ணே, விளையாடாதீங்க. சத்தியமா இங்க ஒருத்தரும் இல்ல."

அந்த ஆள் திரும்பினான். முற்றத்தைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தான். பார்த்தான் என்று எப்படிச் சொல்வது... முகம் இருக்க வேண்டிய இடம் உள்ளே அமுங்கிக் கிடந்தது. யாரோ அடித்து, அடித்து, அடித்து உள்ளே தள்ளியிருக்கிறார்கள். ஒரு பக்கத் தாடை மட்டும் தொங்கியது. 

குட்டி, போர்வையை விடு. மூச்சு முட்டப்போகிறது உனக்கு.

அது நடந்து வந்தது. ஓடவில்லை. காலையில் வேலைக்குப் போகிற ஆள் எப்படி நடப்பான், அந்த நடை.

"இறங்குடா! ஏணிய விட்டு இறங்குடா!"

இறங்க நேரமில்லை. முதல் அடி அலுமினிய ஏணியின் காலில். டங்... என்று முற்றத்திலிருந்து கேட்டது, ஒரு நொடி கழித்துப் போனிலும் கேட்டது. அதற்குப் பிறகு எல்லா அடியும் அவருக்கு இரண்டு இரண்டு தடவை கேட்டது. தம்பி மேலிருந்து தலைகுப்புற விழுந்தான். எழுவதற்குள் முழங்காலில் ஓர் அடி. விறகு முறிகிற சத்தம். தம்பி கத்திய கத்தல் இருக்கிறதே... இத்தனைக்கும் யார் அடிக்கிறார்கள் என்றே அவனுக்குத் தெரியவில்லை. வெறும் இருட்டு. காற்றில் எதுவோ வீசுகிற சத்தம், அடுத்து எலும்பு நொறுங்குகிற வலி. கையைத் தூக்கித் தடுத்தான், கையில் விழுந்தது. விரல்கள் பின்பக்கம் மடங்கிப்போயின. வாயில் விழுந்தது.

"அண்ணே... யாருண்ணே... அண்ணே..."

அண்ணன் பாய்ந்து முற்றத்து விளக்கைப் போட்டார். டக் என்று கேமரா கலருக்கு மாறியது. திரையில் தம்பி மட்டும் மண்ணில் கிடக்கிறான். அது இல்லை. ஆனால் அடி நிற்கவில்லை! பளிச்சென்ற விளக்கொளியில், சுற்றிலும் ஆளே இல்லாத இடத்தில், தம்பியின் விலா உள்ளே ஒடுங்குகிறது. தலை ஒரு பக்கமாக வெட்டிச் சாய்கிறது. கன்னம் கிழிகிறது. எது அடிக்கிறது, அடுத்து எங்கே அடிக்கும், ஒன்றும் தெரியவில்லை. அந்த மனுஷன் என்ன செய்வார்? தன் கையாலேயே விளக்கை மறுபடி அணைத்தார். தம்பியைச் சுற்றி இருட்டாக்கினால்தான் அது எங்கே நிற்கிறதென்று அவருக்குத் தெரியும்.

எழுந்து ஓட வேண்டியதுதானே என்கிறாயா? எப்படி ஓடுவார், அந்தக் காலை வைத்துக்கொண்டு? ஓடினாலும் திரையை விட்டுவிட்டல்லவா ஓட வேண்டும். திரையை விட்டால் அதைப் பார்க்க ஆளில்லை. இந்த உலகத்தில் அது எங்கே நிற்கிறதென்று சொல்லக்கூடியவர் அவர் ஒருத்தர்தான்.

அப்போது ஒரு சமயம் கிடைத்தது. அது கட்டையை ஓங்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனது. திரைக்கு வலது பக்கம். இடது பக்கம் காலி. தம்பி ஒற்றைக் காலில் எழுந்துவிட்டான், கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்தபடி. ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் அடுக்குக்குப் பின்னால் போய்விடலாம். அண்ணன் திரையைப் பார்த்தார். தம்பி நம்மைப் பார்த்து நிற்கிறான், எனக்கு இடது என்றால் அவனுக்கு வலது... பிள்ளை பதறிப்போயிருக்கிறான், அவன் பக்கத்தையே சொல்லிவிடுவோம் என்று நினைத்தார். பாசத்தில் நினைத்ததுதான்.

"வலது! வலது பக்கம் பாய்டா!"

தம்பி கேட்டான். அண்ணன் குரல், அண்ணன் சொன்ன பக்கம். எப்போதும்போல மாற்றிக்கொண்டான். அவனுக்கு இடது பக்கம் பாய்ந்தான்.

நேராக அதன் நெஞ்சுக்கே போய் முட்டினான்.

பிறகு நடந்ததை என் சிநேகிதி எனக்கு முழுக்கச் சொல்லவில்லை. நானும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது திரையை விட்டு மறைந்த பிறகு அண்ணன் காலை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவனைத் தம்பி என்று அடையாளம் சொல்ல அந்த உயரம் ஒன்றுதான் மிச்சம். காதில் போன் வயர் மட்டும் அப்படியே இருந்தது. அதில் அண்ணன் மூச்சு வாங்குகிற சத்தம் அவருக்கே கேட்டதாம்.

மர அடுக்கு சரிந்து விழுந்து செத்தான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. வேலை நடக்கும்போது பதிவை நிறுத்திவைப்பது அவர்கள் வழக்கம், அதனால் காட்டுவதற்குப் படமும் இல்லை. அண்ணன் யாரிடமும் வாதாடவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். காரியமெல்லாம் முடிந்ததும் அந்தக் காவல்காரரைத் தேடிப் பிடித்தார்.

"ஆமா, தடவினது நான்தான்," என்றார் அந்த ஆள். "திரையில எனக்கு அது தெரியாதவரைக்கும் அதுக்கும் நான் தெரியல. நான்பாட்டுக்கு இருந்தேன், அதுபாட்டுக்கு நின்னுச்சு."

"ஏன்யா மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா? கேமராக்காரன கூப்பிட்டுத் துடைப்பாரு. அதான் சொல்லல."

யார் அது, எப்போது செத்தது, யார் அடித்தார்கள்... அந்த ஆளுக்கும் தெரியாது. மில்லில் யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு சாவே இங்கே நடக்கவில்லை என்று முதலாளி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். கண்ணாடி, என்னை அப்படிப் பார்க்காதே. தெரிந்தால் சொல்லமாட்டேனா?

மில்லைப் பூட்டிப் போட்டுவிட்டார்கள். கேமராவைக் கழற்றித் தருகிறேன் என்று சொல்லி அண்ணன் சாவியை வாங்கினார். கழற்றவில்லை. ராத்திரி ராத்திரி வேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார், விடியும்போது வருவார். கண்ணெல்லாம் ரத்தம் கட்டியிருக்கும். சிநேகிதி பிடித்து உலுக்கிக் கேட்டாள். சொல்லிவிட்டார்.

தம்பி வருகிறானாம். அதே நேரத்துக்கு, அதே திரையில். ஏணியிலிருந்து விழுகிறான், அடி வாங்குகிறான், ஒற்றைக் காலில் எழுகிறான், கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அண்ணன் என்ன சொல்லப்போகிறார் என்று காத்துக்கொண்டு. இவர் அவன் நம்பருக்குப் போன் போடுகிறார். மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுப்பதற்குள் தப்பான பக்கம் பாய்ந்துவிடுகிறான். தினமும் அவர் கண் முன்னால் அடிபட்டே சாகிறான்.

தம்பியின் போன் உடைந்து, உயிரில்லாமல் சிநேகிதி வீட்டு அலமாரியில் கிடந்தது. அதில் எங்கேயிருந்து மணி அடிக்கும்?

"செத்தவன எத்தன தடவங்க காப்பாத்துவீங்க?" என்று அழுதாள். "எனக்கு நீங்களாச்சும் வேணும். போகாதீங்க."

"ஒரு தடவ சரியா சொல்லிட்டேன்னா போதும்மா," என்றார். "ஒரே ஒரு தடவ. அப்புறம் போகமாட்டேன்."

ஒரு நாள் விடிந்தும் வரவில்லை. சிநேகிதி முதலாளி வீட்டுக்கு ஓடினாள், அவரைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு ஓடினாள். ஆபீஸ் கதவுக்கு வெளியே கிடந்தார். நான் என்ன சொல்ல... தம்பியைப் போலவே. பக்கத்தில் மர அடுக்குகூட இல்லை, எதுவும் சரிந்து விழவில்லை.

அந்த ராத்திரி பதிவை ஓடவிட்டிருந்தார். முற்றத்துக் கேமரா ஒன்று, ஆபீஸ் அறைக்குள் மைக்கோடு இன்னொன்று. திரையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில். சிநேகிதியும் முதலாளியும் மட்டும்தான் அதைப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் முதலாளி ஒரு சுத்தியலைத் தேடி எடுத்துவந்தார். அந்த ரெக்கார்டர் பெட்டியைத் துண்டு துண்டாக நொறுக்கும்வரை நிறுத்தவில்லை. போலீஸ் வருவதற்குள் அள்ளிக் கிணற்றில் போட்டுவிட்டார்.

அதில் இருந்தது இதுதான்.

அண்ணன் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். போன் மணி அடிக்கிறது... அடிக்கிறது... நிற்கிறது. யாரோ எடுத்துவிட்டார்கள். அண்ணன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"டேய்! டேய், கேக்குதா? இடதுடா! திரைக்கு இடது! எப்பவும் போல நீ மாத்திக்கோ! இடது!"

முற்றத்துப் படத்தில் தம்பி தலையை நிமிர்த்தினான். மாற்றிக்கொண்டான். சரியான பக்கம் பாய்ந்தான்! கட்டை காற்றில் வீசிப் போனது. அண்ணன் மேசையைக் குத்திக்கொண்டு அழுகிறார், சிரிக்கிறார்.

"அப்படித்தான்டா என் ராசா! நேரா! நேரா வா! இப்ப வலது... நேரா என்கிட்ட வா!"

தம்பி அடுக்குகளுக்கு நடுவில் நொண்டி நொண்டி ஓடுகிறான். அது பின்னாலேயே வருகிறது. தம்பி ஆபீஸ் கதவுக்கு வந்துவிட்டான், கைப்பிடியைப் பிடித்துவிட்டான். அண்ணன் அதைப் பார்த்தார். எழுந்தார். அத்தனை நாளும் விடாத திரையை விட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினார்.

கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. இழுத்தார், வரவில்லை. கைப்பிடி மட்டும் லொட லொடவென்று ஆடியது.

"இருடா! கதவு மாட்டிக்கிச்சு! இதோ வந்துட்டேன், இருடா!"

அவர் உள்ளே நின்று இழுக்கிறார். வெளியே... என் சிநேகிதி முற்றத்துப் படத்தைப் பார்த்தாள். தம்பி கதவைத் தட்டவில்லை. தள்ளவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, முறியாத காலைச் சுவரில் ஊன்றி, தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் திறந்துவிடக் கூடாது என்று. முதுகில் கட்டை விழுகிறது. மறுபடி விழுகிறது. தோள் இறங்கிவிட்டது, விடவில்லை. முறிந்த விரல்கள், அப்போதும் விடவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறான், வேண்டாம் வேண்டாம் என்று. அதைப் பார்க்க வேண்டியவர்தான் திரைக்கு முன்னால் இல்லை.

அண்ணன் சுவரில் காலை உதைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். கதவு திறந்துகொண்டது.

வாசலில் நிற்கிறார். வெறும் கண்ணுக்கு அங்கே இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. தம்பி அவருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறான். அண்ணன் கைகளை நீட்டிக்கொண்டு, வாடா, உள்ள வாடா என்று கூப்பிட்டுக்கொண்டு, அவனுக்குள் புகுந்து நேராக வெளியே நடந்தார்.

இதை என்னிடம் சொன்னபோது என் சிநேகிதி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அவரு முகத்தப் பாத்தேன்டி," என்றாள். "சிரிச்சுக்கிட்டே போனாரு."